தேயிலைக்குப் புகை ஆகாது. அதைப் பறிப்பவளுக்கு ஆகுமா?

"விறகடுப்பு ஒன்று வைக்க என்ன செலவாகும்?"

2022ஆம் ஆண்டில் மாத்தளை நகரத்துப் பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட கேள்வி இது. நீதிமன்ற வாசலிலே சட்டத்தரணிகள் கேட்டார்கள். பாடசாலை ஓய்வறையிலே ஆசிரியர்கள் கேட்டார்கள். வங்கியிலே முகாமையாளர்கள் கேட்டார்கள். கேட்காமல் என் செய்வது? 2021 ஒக்டோபரில் விலைக்கட்டுப்பாடு நீக்கப்படும் வரை 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ எரிவாயு உருளை, அம்மாதமே 2,675 ரூபாவாயிற்று; 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபாவாயிற்று. அந்த விலையைக் கையிலே வைத்துக்கொண்டு விடியுமுன் வரிசையில் நின்றவர்களுக்கும் உருளை கிடைக்கவில்லை. நாட்டிலே டொலர் இல்லை. ஆதலின் நகரத்திலே எரிவாயு இல்லை. அதற்கு முந்திய ஆண்டின் கடைசி மாதங்களிலே வீடுகளில் அடுப்புகள் வெடித்த செய்திகளும் மக்கள் மனத்தை விட்டு அகலவில்லை.

எனவே கொல்லைப்புறத்திலே மூன்று கல்லைக் கூட்டினார்கள். கண் எரிந்தது, இருமல் வந்தது, வெள்ளையடித்த சுவர் கறுத்தது. சில மாதத்துக்குள் அலுத்துப்போய், எரிவாயு மீண்டும் வந்த அன்றே அந்தக் கற்களைப் பூச்செடிக்கு அணையாக வைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் அதே நகரத்திலிருந்து ரத்தோட்டைக்கும் எல்கடுவைக்கும் உக்குவளைக்கும் ஏறிச்செல்லும் மலைச்சரிவுகளிலே, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் புகையைக் காலையும் மாலையும் குடித்து வாழும் ஒரு மக்கட் கூட்டம் இருக்கின்றது. அவர்கள் வீட்டு அடுப்புக்கு என்ன செலவாகும் என்று எந்தப் பெரிய மனிதரும் இதுவரை கேட்டதில்லை. அந்தக் கணக்கையே இங்கே எடுத்துப் போடுகின்றோம். கணக்கு முடிவிலே யார் கடனாளி என்பது தெரியவரும்.

முதலிலே ஒன்றைத் தெளிவாக்கிவிடல் வேண்டும். விறகடுப்பு என்பது மறைந்துபோன பழங்காலத்துப் பொருளன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டுக் குடும்பங்களில் நூற்றுக்கு எழுபத்தெட்டு விறகையே முதன்மை எரிபொருளாகக் கொண்டிருந்தன. தோட்டப்புறத்திலே அந்த வீதம் இன்னும் அதிகம். அங்கே விறகு எரியாத வீட்டைத் தேடித்தான் காணவேண்டும். வெறும் விறகு எரிந்தால் அதிலே பெரிய குற்றமில்லை. காற்றோட்டமில்லாத பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள்ளே, புகை வெளியேற வழியேயில்லாமல் எரிவதுதான் குற்றம். உலகெங்கும் வீட்டுக்குள் எழும் இத்தகைய புகையினால் 2020இல் முப்பத்திரண்டு இலட்சம் உயிர்கள் மடிந்தன என்றும், அவற்றுள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டவை ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. காற்றிலுள்ள நுண்துகள் ஒருநாட் சராசரியில் ஒரு கன மீற்றருக்குப் பதினைந்து மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது அந்நிறுவனம் 2021இல் வகுத்த அளவு. புகைபோக்கியில்லாத விறகுச் சமையலறையிலே அடுப்பெரியும் வேளையில் இது பல நூறாக ஏறிவிடும். மார்ச்சளியும் மூச்சிளைப்பும் கண்ணிலே புரை விழுதலும் எடை குறைந்து பிறக்கும் பிள்ளையும் இந்தப் புகையோடு கூடி வருவன. தோட்டப்புறத்திலே எடை குறைந்த பிறப்புகள் நாட்டின் ஏனைய பகுதிகளைவிட அதிகம் என்பதைச் சுகாதாரத் திணைக்களத்தார் நெடுங்காலமாக அறிவார்கள். அதற்குச் சத்துக்குறைவு முதற்காரணமாக இருக்கலாம். புகையும் ஒரு காரணம் என்பதை ஏன் உரக்கச் சொல்வதில்லை?

இனி வாசகர்களைத் தேயிலைத் தொழிற்சாலைக்கு அழைத்துச் செல்கின்றோம். லயத்தைப் பார்க்குமுன் தொழிற்சாலையைப் பார்க்கவேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தாலன்றி நாம் சொல்லவருவது விளங்காது.

அங்கேயும் விறகுதான் எரிகின்றது. அரைத்துப் புளிக்கவைத்த கொழுந்தை உலர்த்துதற்கு வெப்பக்காற்று வேண்டும். அதற்குப் பெரும்பாலான தொழிற்சாலைகள் விறகு உலையையே நம்பியிருக்கின்றன. ஆனால் அந்த உலையின் புகை தேயிலையைத் தொடுவதில்லை. தொடவும் விடமாட்டார்கள். உலையிலே எழும் தீயும் புகையும் இரும்புக் குழாய்களுக்குள்ளே ஓடும். அக்குழாய்களின் வெளிப்புறத்தைத் தடவிச் சூடேறிய தூய காற்று மட்டுமே தேயிலைக்குச் செல்லும். புகை உயர்ந்த புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போய்விடும். குழாயிலே ஒரு கீறல் விழுந்து சிறிதளவு புகை கசிந்தாலும் தேயிலையிலே புகைவாடை ஏறிவிடும், கொழும்பு ஏலத்திலே சுவைஞர் ஒரு மிடறு உறிஞ்சிய மாத்திரத்தில் அதைக் கண்டுபிடித்துவிடுவார், விலை சரிந்துவிடும். (சீனத்திலே பைன் விறகுப் புகையூட்டிய ஒருவகைத் தேயிலை உண்டு, அதை விரும்பிக் குடிப்போரும் உண்டு. அது வேறு வியாபாரம்.) ஆகவே தேயிலைக்குப் புகை பட்டால் கெடுதி என்பதைத் தோட்ட நிருவாகம் அறியாததன்று. புகையைத் தடுக்கும் பொறியியலும் அறியாததன்று. அதற்குச் செலவிடப் பணமில்லை என்று எவரும் சொன்னதுமில்லை. அந்தப் புகைபோக்கியைத் துப்புரவு செய்வதற்கென்று ஆள் உண்டு, சம்பளம் உண்டு, கணக்கேட்டிலே பதிவும் உண்டு.

அந்தக் கொழுந்தைப் பறித்தவள் மாலை ஐந்து மணிக்கு லயத்துக்குத் திரும்புகின்றாள். வரும் வழியிலே தலையில் ஒரு விறகுக் கட்டு. கவ்வாத்து முடிந்த மலையிலிருந்து பொறுக்கிய மிலாறு. நிழல் மரத்திலிருந்து விழுந்த கிளை. மழைக்காலமானால் அது ஈரம்; ஈர விறகு எரிவதைவிடப் புகைவதே அதிகம். அதை உலர்த்துவதற்காக அடுப்புக்கு மேலேயே பரண் கட்டி அடுக்கி வைக்கின்றாள். ஒரு பொறி பறந்தால் ஒரு காம்பராவோடு நில்லாமல் லயம் முழுவதும் பற்றிக்கொள்ளும், ஏனெனில் கூரை ஒன்று. அடுப்பை மூட்டிக் குனிந்து ஊதுகின்றாள். அவளுடைய மடியிலோ அருகிலோ கைக்குழந்தை. புகை எங்கே போகும்? முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்ட இரட்டை லயத்திலே பின்சுவருக்கு அப்பால் இன்னொருவன் வீடு. தகரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள விரற்கடை இடுக்கு ஒன்றுதான் அந்த வீட்டின் புகைபோக்கி.

ஐந்து கிலோ தேயிலைக்குச் செய்யப்படும் பாதுகாப்பு அதைப் பறித்த நுரையீரலுக்கு ஏன் செய்யப்படவில்லை என்று கேட்டால் நம்மைக் கலகக்காரர் என்பார்கள்.

சரி, செலவுக் கணக்குக்கு வருவோம். மண்ணடுப்பின் விலை ஒரு பொருட்டன்று. 'அனகி' என்ற பெயருடைய ஓர் அடுப்பை வாசகர்களில் பலர் அறிவார்கள். விவசாயிகள் வீட்டிலே இது சாதாரணம். 1980களின் நடுப்பகுதியிலே மின்சார சபையும் பிரித்தானியத் தொண்டு நிறுவனமொன்றும் சேர்ந்து உருவாக்கியது. பின்னர் கண்டியைத் தளமாகக் கொண்ட ஐடியா என்னும் அமைப்பினர் நாட்டுக் குயவர்களுக்குப் பயிற்சியளித்து ஊர்தோறும் பரப்பினார்கள். ஒரு வாயிலே விறகிட்டால் இரண்டு பானை வேகும். முதற்பானையின் அடியைச் சுட்டபின் வீணாய்ப் போகவேண்டிய வெப்பம் இரண்டாவது பானைக்குச் செல்கின்றது. மூன்றுகல் அடுப்போடு ஒப்பிட்டால் விறகிலே மூன்றில் ஒரு பங்களவு மிச்சம். களிமண்ணும் சாணமும் குழைத்துச் சுற்றிலும் பூசினால் சில ஆண்டுகள் உழைக்கும். விலையோ ஒன்றிரண்டு நாட் கூலிக்குள் அடங்கும். சிறந்த பொருள், நம் நாட்டு மண், நம் நாட்டுக் கை. ஆனால் அதற்குப் புகைபோக்கி கிடையாது. விறகு குறைவதால் புகையும் ஓரளவு குறையும், அவ்வளவே. நல்ல காற்றோட்டமுள்ள கிராமத்துக் குசினியிலே அதுவே போதுமானதாக இருக்கலாம். காம்பராவுக்குள்ளே போதாது.

ஆகவே புகைபோக்கி வேண்டும். அதுதான் செலவு. கூரையைத் துளைத்து முகட்டுக்கு மேலே இரண்டு மூன்று அடி உயர்த்தவேண்டும்; இல்லையேல் காற்றடிக்கும்போது புகை திரும்பி வீட்டுக்குள்ளேயே வரும். தகரத்தைத் தொடாதபடி சுற்றிலும் காப்புக் கட்டவேண்டும். துளையிலே மழை ஒழுகாதபடி பூசவேண்டும். செங்கல், சீமெந்து, குழாய், மேசனின் கூலி. மேசனின் ஒருநாட் கூலி கொழுந்து பறிப்பவளின் ஒருநாட் கூலியைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அவன் வேலை செய்யும் நாளிலே அவள் வீட்டிலே நின்றால் அவளுடைய பேரும் செக்ரோலிலே விழாது. பிறகு மாதந்தோறும் கரியை இடித்துத் துப்புரவாக்க வேண்டும். எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் பல வாரக் கூலி. 2024 செப்டெம்பரிலே நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அதற்கு முன் 2021 முதல் 1,000 ரூபா. அந்த ஆயிரத்துக்காக எத்தனை ஆண்டு தெருவிலே நின்றோம் என்பதை நாடறியும்.

ஆயினும் பணத்தை எப்படியாவது புரட்டிவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். சீட்டுப் பிடிக்கலாம், கொழும்புக் கடையிலே வேலை செய்யும் மகன் அனுப்பலாம். அதன் பின்னரே உண்மையான தடை தோன்றுகின்றது. சுவர் யாருடையது?

சிறிது காலத்துக்கு முன் ஒரு தோட்டத் தொழிலாளி நம்மிடம் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். தோட்டத்தின் பெயரைச் சொல்ல நாம் விரும்பவில்லை. சொன்னால் அவருக்கே ஆபத்து. மனைவிக்கு இழுப்பு நோய். மருத்துவர் புகையிலிருந்து விலகியிருக்கச் சொல்லியிருக்கின்றார். எங்கே விலகுவது? மேசனைக் கொண்டுவந்து சுவரிலே ஒரு சதுர அடி துளையிட்டுக் குழாய் வைத்தார். பத்தாம் நாள் கடிதம் வந்தது, ஆங்கிலத்திலே: தோட்டத்துக்குச் சொந்தமான கட்டடத்தில் அனுமதியின்றி மாற்றம் செய்துள்ளீர், பதினான்கு நாளுக்குள் உமது செலவிலே பழைய நிலைக்குக் கொண்டுவருக, தவறின் ஒழுங்கு நடவடிக்கை. நாம் மறுமொழி எழுதித் தருகின்றோம் என்றோம். அவர் சிரித்தார். "ஓட்டைய அடைச்சிட்டேங்க ஐயா. செவரு அவுங்களோடது, கூரை அவுங்களோடது. பொகை மட்டுந்தானுங்களே எங்களோடது?" என்றார். திறக்க ஒரு கூலி, அடைக்க ஒரு கூலி. ஆம், நம் கணக்கிலே இந்த இரண்டாவது கூலியையும் சேர்க்கவேண்டும். நாம் எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதிலில்லை.

சட்டம் படித்தவன் என்ற முறையிலே இதைச் சற்று விரித்துரைக்க வேண்டியிருக்கின்றது. இந்நாட்டின் பொதுச்சட்டமாகிய உரோம டச்சுச் சட்டத்தின்படி, நிலத்தோடு பொருந்தியது நிலத்தின் சொந்தக்காரனைச் சேரும். நீ சுமந்து வந்த கல்லானாலும், நீ குழைத்த மண்ணானாலும், சுவரோடு சேர்ந்துவிட்டால் அது அவனுடையது. இக்கடுமையைச் சட்டமே ஓரளவு தணித்திருக்கின்றது: நிலம் தன்னுடையதே என்று நல்லெண்ணத்தோடு நம்பி அதிலே பயனுள்ள திருத்தங்களைச் செய்தவன் நட்டஈடு பெறலாம், அது கிடைக்கும்வரை நிலத்தைப் பிடித்துவைத்திருக்கவும் உரிமை உண்டு. ஆனால் லயத்திலே குடியிருப்பவன் யார்? உடைமையாளன் அல்லன், 'இது என்னுடையது' என்று நம்புதற்கு அவனுக்கு எந்த ஆதாரமும் கொடுக்கப்படவில்லை. வாடகைக்காரனும் அல்லன், வாடகைச் சீட்டு இல்லை. வேலை செய்கின்றான், ஆதலின் இருக்கின்றான். வேலை போனால் இருப்புக்கே கேள்வி. நான்கு தலைமுறையாக ஒரே காம்பராவிலே பிறந்து இறந்த குடும்பத்துக்கும் சட்டத்தின் கண்ணிலே இதுதான் நிலை. அப்படிப்பட்டவன் தன் பல வாரக் கூலியைச் சுவரிலே புதைத்தால் அது துரைக்கு அவன் கொடுத்த நன்கொடையாகிவிடும். "தோட்டத்து மக்கள் தங்கள் வீட்டைத் தாங்களே திருத்திக்கொள்வதில்லை, சோம்பேறிகள்" என்று பேசும் படித்தவர்கள், தாம் வாடகைக்கிருக்கும் வீட்டிலே தம் செலவில் மாடி கட்டுவார்களா?

சொந்தக்காரன் யார் என்பதிலும் மாத்தளைக்கு ஒரு தனிச்சிறப்புண்டு. 1972இலும் 1975இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இலே பெரும்பாலானவற்றின் முகாமை தனியார் கம்பெனிகளுக்குக் கைமாறியபோதும், கண்டி, மாத்தளை மாவட்டங்களிலே ஒரு தொகுதித் தோட்டங்கள் அரசாங்க நிறுவனங்களின் கையிலேயே தங்கின. அவற்றிலே வாழும் தொழிலாளிக்குத் துரை என்பவர் அரசாங்கமே. மக்களின் சுகாதாரத்துக்குப் பொறுப்பான அதே அரசாங்கம். விறகடுப்புப் புகை கொல்லும் என்று சுவரொட்டி அச்சடிக்கும் அதே அரசாங்கம்.

கடமையென்று ஒன்றும் எழுதப்படவில்லையா? எழுதப்பட்டிருக்கின்றது. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் தக்க சுகாதார நிலையிலே வைத்திருத்தல் தோட்ட அத்தியட்சகரின் கடமை என்று விதித்தது. அன்று அதற்குக் காரணம் கருணையன்று; கொழுக்கிப்புழுவும் வாந்திபேதியும் கூலியாட்களைக் கொன்றால் கோப்பித் தோட்டத்துக்குப் பின் வந்த தேயிலைத் தோட்டமும் நட்டமடையும் என்ற பயம். ஆயினும் சொல் சொல்தான். கழிவுநீர் தேங்கினால் சுகாதாரக் கேடு என்று ஒப்புக்கொள்ளும் அதிகாரி, புகை தேங்கினால் அது சுகாதாரக் கேடன்று என்று எந்த நூலை வைத்து வாதிப்பார்? நூறு ஆண்டுக்கு மேலாக இந்த வாதத்தை எவரும் நீதிமன்றத்தின் முன் வைக்கவில்லை. நம் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு இது பெருமையன்று.

உள்ளூராட்சி மன்றம் செய்திருக்கலாமே என்றால், அங்கேயும் கதவு சாத்தியிருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டக் குடியிருப்பிலே சபைப்பணத்தைச் செலவிட முடியாது என்று கைவிரித்தார்கள். தோட்ட மக்களும் வாக்களித்தார்கள். அவர்கள் வாக்கினாலே உறுப்பினர் தெரிவானார்கள். ஆனால் அவர்கள் லயத்துக்கு ஒரு சல்லிக்காசும் செல்லலாகாது. இந்த அநீதி 2018ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தினாலேதான் நீங்கிற்று. முப்பத்தொரு ஆண்டு! அதற்கு முன்னே 1948இன் பிரசாவுரிமைச் சட்டம், 1964இன் ஒப்பந்தம், கப்பலேற்றப்பட்டோர், நாடற்றோர், 2003இலே கடைசியாகக் கிடைத்த குடியுரிமை - அந்த நீண்ட கதையை வாசகர்கள் அறிவார்கள். வாக்கில்லாதவன் வீட்டுக்குப் புகைபோக்கி வைக்க எந்தப் பிரதிநிதி வருவான்?

இங்கிலாந்திலே 1662இல் ஓர் அடுப்பு வரி விதித்தார்கள். வீட்டிலே எத்தனை அடுப்போ அத்தனைக்கு வரி. அதிகாரி வீட்டுக்குள்ளே நுழைந்து அடுப்பை எண்ணுவான். ஏழைகளுக்கு விலக்கு உண்டு. ஆயினும் மக்கள் அதை வெறுத்தார்கள். 1689இல் புதிய அரசனும் அரசியும் வந்தவுடன் அதை ஒழித்தார்கள். நம் மாத்தளையிலேயே 1848இல், நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி என்று ஆளுநர் டொரிங்டன் விதித்தபோது மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள், சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வரியாயிருந்தால் பெயர் சொல்லி எதிர்க்கலாம். மலைநாட்டுப் பெண்ணிடம் வாங்கப்படும் அடுப்பு வரிக்குப் பெயரில்லை, பற்றுச்சீட்டில்லை, ஏழைக்கு விலக்குமில்லை. அது அவள் மூச்சிலிருந்து நேரே கழிக்கப்படுகின்றது.

"விறகுதான் இலவசமாகக் கிடைக்கிறதே" என்பார் உளர். ஒரு கட்டு விறகு பொறுக்க இரண்டு மணி நேரம். எட்டு மணி நேரம் மலையேறி இறங்கியபின் அந்த இரண்டு மணி. வழுக்கும் சரிவு, அட்டை, குளவி. நம் தொழிலிலே ஒரு மணி நேர ஆலோசனைக்கு என்ன வாங்குகின்றோம் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கின்றது. பெண்ணின் நேரத்துக்கு விலையில்லை என்று கருதினாலன்றி விறகை இலவசம் என்று சொல்ல முடியாது. மேலும், எங்கே பொறுக்குவது? தோட்டத்துக்குள்ளே விழும் கிளை தோட்டத்துக்குச் சொந்தம்; தொழிற்சாலை உலைக்கும் அது வேண்டும். எல்லை தாண்டினால் நக்கிள்ஸ் வனம். 2000இலே பாதுகாக்கப்பட்ட வனமாகவும் 2010இலே உலக மரபுரிமையாகவும் ஆயிற்று. வனம் காக்கப்படவேண்டியதே, அதிலே நமக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் இந்தப் பக்கம் களவு, அந்தப் பக்கம் வனக்குற்றம் என்றால் நடுவே நிற்பவள் சோற்றை எதிலே வேகவைப்பாள்?

"எரிவாயு கொடுத்துவிட்டாற் போகிறது" என்பது நகரத்து நண்பர்களின் தீர்வு. 2024இன் பிற்பகுதியிலே விலை இறங்கிய பின்னரும் 12.5 கிலோ உருளை கொழும்பிலே 3,690 ரூபா. ஏறத்தாழ மூன்று நாட் கூலி. அதை மலைக்கு ஏற்ற முச்சக்கரவண்டிக் கூலி தனி. கிடைக்கும்போது வாங்குக, நன்று. தேநீருக்கும் பிள்ளைக்குப் பால் காய்ச்சவும் உதவும். ஆனால் குளிர்மலையிலே வெந்நீரும், ஐந்து பேருக்குச் சோறும், ஈரத்துணி உலர்வதும் விறகிலேதான் நடக்கும். 2022 கற்பித்த பாடமும் நம் கண்முன் நிற்கின்றது: கப்பலை நம்பிய அடுப்பு கப்பலோடு அணைந்துவிடும்.

மூன்றாவது ஒரு கூட்டத்தார் இருக்கின்றார்கள். அவர்களிடந்தான் நமக்கு அதிக அச்சம். லொறியிலே ஐந்நூறு அடுப்பைக் கொண்டுவந்து இறக்கி, மாலை போட்டு, நிழற்படம் எடுத்துக்கொண்டு போகின்றவர்கள். தேர்தலுக்குத் தேர்தல் கூரைத்தகரம் கொடுத்த பெருமக்களின் வழித்தோன்றல்கள். இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அயல்நாடே சாட்சி. 1953இலேயே ஐதராபாத்துப் பொறியியலாளர் எஸ். பி. ராஜு புகையில்லா அடுப்பைப் பற்றி நூலெழுதினார். அது சென்னையிலே அச்சாயிற்று. 1983இல் இந்திய அரசாங்கம் தேசியத் திட்டமாகவே தொடங்கி, 2002இலே அது முடிவதற்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளை வழங்கிற்று. அவற்றிலே பெருந்தொகை உடைந்தும் அடைத்தும் கைவிடப்பட்டன. பின்னர் ஒடிசாவிலே பொருளியலறிஞர் எஸ்தர் டுஃப்லோவும் அவருடைய சகாக்களும் புகைபோக்கியோடு கூடிய அடுப்புகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள்: முதலாண்டிலே பெண்கள் உட்கொண்ட புகை குறைந்தது, பிறகு பழுதுபார்ப்பாரின்றி அந்தப் பயனும் மறைந்தது. இதை வைத்து "ஏழைக்கு நல்ல அடுப்புக் கொடுத்தும் பயனில்லை" என்று முடிவு கட்டுவோர் உண்டு. நாம் அப்படிப் படிக்கவில்லை. தொழிற்சாலைப் புகைபோக்கி நூறாண்டாக நிற்பது எப்படி? அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கும் ஆள் இருப்பதால். லயத்துப் புகைபோக்கிக்கும் அந்த ஆளைக் கொடுங்கள், அதுவும் நிற்கும்.

ஆதலின் நாம் கேட்பது அடுப்புத் தானமன்று. லயம் யாருடைய சொத்தோ அவனே அதற்குச் சமையலறையும் புகைபோக்கியும் அமைத்துத் தரவேண்டும், ஆண்டுதோறும் பழுதுபார்க்கவேண்டும், அந்தச் செலவு தொழிற்சாலைப் புகைபோக்கியின் செலவு எழுதப்படும் அதே ஏட்டிலே எழுதப்படவேண்டும். அவன் செய்யாவிட்டால் குடியிருப்பவன் தானே செய்துகொள்ள அனுமதி வேண்டியதில்லை என்றும், செய்த செலவைச் சொந்தக்காரனிடமிருந்து அறவிடலாம் என்றும் சட்டத்திலே ஒரு பிரிவு வேண்டும். ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடக்கூடிய சட்டமூலம் அது. எழுதித்தர மாத்தளையிலே சட்டத்தரணிகள் இருக்கின்றோம். கவ்வாத்து மிலாறிலே குடும்பத்துக்கு இவ்வளவு என்று உரிமையாக ஒதுக்கவேண்டும். ஏழு பேர்ச்சிலே 550 சதுர அடி வீடு கட்டி நாடா வெட்டுவோர், வரைபடத்திலே புகைபோக்கி எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டட்டும்.

விவசாயப் பெருமக்களுக்கும் இதிலே ஒரு பங்குண்டு. உங்கள் மிளகுக் கொடி ஏறும் கிளிரிசிடியா மரத்தை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வெட்டுகின்றீர்கள். இலை மாட்டுக்கும் வயலுக்கும் போகின்றது. தடியை என் செய்கின்றீர்கள்? அதை எரித்து மின்சாரம் எடுக்கும் கம்பெனிக்கு அரசாங்கம் விலை நிர்ணயித்துக் கொடுக்கின்றது. நான்காம் பெருந்தோட்டப் பயிர் என்று அதற்குப் பட்டமும் சூட்டியிருக்கின்றது. உக்குவளையிலும் யட்டவத்தையிலும் தோட்ட எல்லையை அடுத்திருக்கும் கூட்டுறவுச் சங்கங்கள், உலர்ந்த கிளிரிசிடியாத் தடியைக் கட்டாகக் கட்டி லயத்து வாசலிலே நியாய விலைக்கு விற்றால், உங்களுக்கும் வருவாய். அந்தப் பெண்ணுக்கும் இரண்டு மணி நேரம் மிச்சம். உலர்ந்த விறகாதலின் புகையும் பாதி. இதற்கு அமைச்சரின் கையெழுத்துத் தேவையில்லை.

"அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு" என்று ஒரு பழமொழியைச் சொல்லிச் சொல்லியே நம் பெண்களைப் படிக்கவிடாமற் செய்தோம். இன்று தோட்டத்துப் பெண்பிள்ளை படிக்கின்றாள், பல்கலைக்கழகம் போகின்றாள். ஆனால் அதே காம்பராவிலே, தாய் ஊதும் அதே அடுப்பின் புகையிலே, கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் படிக்கின்றாள்.

2025 மே 6ஆந் திகதி நடந்த தேர்தலுக்குப் பின் மாத்தளை, ரத்தோட்டை, உக்குவளை, யட்டவத்தை, அம்பன்கங்கை கோரளைப் பிரதேச சபைகளிலே புதிய உறுப்பினர்கள் அமர்ந்திருக்கின்றார்கள். 33ஆம் பிரிவு என்ற சாக்கு அவர்களுக்கு இல்லை. ஒவ்வோர் ஆண்டும் முடிவதற்குள் வரவு செலவுத் திட்டம் சபையின் முன் வந்தாகவேண்டும். அதிலே 'லயப் புகைபோக்கி' என்று ஒரு தலைப்பும், அதற்கெதிரே ஒரு தொகையும் இருக்கின்றதா என்று ஒவ்வொரு வட்டாரத்து வாக்காளரும் தம் உறுப்பினரை நேரிலே கேட்கவேண்டும். இல்லையென்று சொல்பவரை அன்று மாலை ஆறு மணிக்கு, அடுப்பு மூட்டும் வேளையிலே, தம் காம்பராவுக்குள்ளே ஒரு கோப்பைத் தேநீருக்கு அழைக்கவேண்டும்.